ஈரத் துப்பட்டி

பசார் வீதி, பதுளை
12.10.1969

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் கால் புண் முன்னைக்கு இப்போது பரவாயில்லை. வாரம் இரண்டு தடவை நகரசபை மருந்துக்கூடத்துக்குப் போய் மருந்து கட்டிக்கொண்டு வருகிறார். நம் வீட்டிலிருந்து நாற்பது அடி தூரம்தானே, யாரும் துணைக்குப் போகவேண்டாம் என்கிறார். சீனி வியாதி இருக்கிறவர்களுக்குப் புண் ஆற நாளாகுமாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 20ஆம் திகதி நகரசபைத் தேர்தல். நம் வட்டாரத்தில் நான் நிற்கிறேன். கோபப்படாமல் மீதியையும் படியுங்கள். கட்சி எதுவும் இல்லை, சுயேச்சைதான். தராசுச் சின்னம் கேட்டேன். அது இரும்புக்கடை ஸரூக் ஹாஜியாருக்குப் போய்விட்டது. அவருடைய கடைத் தராசைப் பற்றி ஊரே பேசும், ஆனால் சின்னம் அவருக்குத்தான் கிடைத்தது. எனக்குக் குடை. மூன்றாவது ஆள் ஓய்வுபெற்ற தபாலதிபர் விஜேகோன், கடிகாரம்.

வாக்காளர் பட்டியலை வைத்து எண்ணிப் பார்த்தேன். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேரில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் முன்னூறு பேருக்கு மேல். இளம் ஆட்கள் பாதிப் பேர் ஊரில் இல்லை. ஆகவே இந்த முறை ~~கிழடுகள்~~ முதியோர் கையில்தான் வெற்றி. அவர்கள் மனதில் படுகிற மாதிரி ஒரு துண்டுப்பிரசுரம் வேண்டும். கல்வித் திணைக்களத்தில் பாடப்புத்தகம் எழுதுகிற ராத்தா இருக்கும்போது நான் வேறு யாரிடம் போவேன்? ஒரு பக்கம் போதும். குடை, நிழல் என்று ஏதாவது அழகாக வரட்டும்.

பலீலாவும் பிள்ளைகளும் ஸலாம் சொல்கிறார்கள்.

தம்பி
ஜௌபர்


கொழும்பு
19.10.1969

தம்பி ஜௌபருக்கு,

வ அலைக்கும் ஸலாம். ‘கிழடுகள்’ என்று எழுதி, அடித்து, ‘முதியோர்’ என்று மாற்றியிருக்கிறாய். அடித்த சொல் நன்றாகத் தெரிகிறது. அடுத்த முறை வேறு தாளில் எழுது.

துண்டுப்பிரசுரம் நான் எழுதமாட்டேன். இங்கே ஒவ்வொரு தேர்தலிலும் வேட்பாளர்கள் வயதானவர்களைத் தேடிப் போவதைப் பார்க்கிறேன். கையைப் பிடித்துக்கொள்வார்கள், கூடவே ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். போன மாதம் என் விடுதிக்காரியின் தாய்க்கு ஒருவர் போர்வை கொடுத்தார். படம் எடுத்து முடிந்ததும் அதே போர்வையை அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போனார். அந்த வேலைக்கு என் தமிழைத் தரமுடியாது.

ஆனால் வேறொன்று செய்யலாம். நகரசபை மருந்துக்கூடத்தைத் தண்ணீர்த் தாங்கி மேட்டுக்கு மாற்றும் யோசனை ஒன்று இருப்பதாகச் சென்ற விடுமுறையில் உம்மா சொன்னார். அந்த மேட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு படிகள். சின்ன வயதில் நாம் எண்ணியிருக்கிறோம். கீழேயுள்ள கட்டடத்தைக் கடைகளாக்கப் போகிறார்களாம். உம்மாவைப் போல் கால் நோவுக்காரர்கள் எத்தனை பேர் அந்தப் படிகளில் ஏறுவார்கள்?

மூன்று வேட்பாளர்களுக்கும் ஒரே கடிதத்தை உம்மாவின் பெயரில் எழுதி இத்துடன் அனுப்புகிறேன். அக்கம்பக்கத்து வயதானவர்களிடம் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வாங்கிக் கொடு. கேள்வி ஒன்றுதான்: ‘மருந்துக்கூடம் இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்க நீங்கள் வாக்களிப்பீர்களா?’ மூன்று பதில்களையும் ஒரே தாளில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுங்கள். சனங்கள் தாங்களே படித்துப் பார்க்கட்டும்.

நீயும் பதில் சொல்லவேண்டியவன்தான். சுற்றி வளைக்காதே. உண்மையானால் ஒரு சொல் போதும்.

றஷீதா


பதுளை
2.11.1969

அன்புள்ள ராத்தாவுக்கு,

நீங்கள் படித்தவர் என்பதை ஊர் மறுபடி ஒப்புக்கொண்டது. அச்சடித்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஸரூக் ஹாஜியார் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். தாய்மாரைப் பற்றியும், தன் தாய் மௌத்தான அன்று தான் அழுததைப் பற்றியும். மருந்துக்கூடத்தைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. விஜேகோன் மாத்தயா, தான் வென்றதும் ஒரு குழு அமைத்து, அந்தக் குழு இன்னொரு குழுவைக் கலந்து, பன்னிரண்டு மாதத்தில் அறிக்கை தரும் என்று பதில் போட்டிருக்கிறார். நான் ‘ஆம்’ என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். அவ்வளவுதான். தாளில் என் பகுதி வெறுமையாகக் கிடக்க, நடுவே அந்த ஒரு சொல். அச்சகத்தில் இருந்தவர்களே அசந்துபோனார்கள்.

இப்போது தெருவில் போனால், “ஆம் மொதலாளி வாறாரு” என்கிறார்கள். முந்தாநாள் சந்தையடியில் கூட்டம் போட்டேன். வந்தவர்களில் முக்கால்வாசி நரைத்த தலைதான். பேசி முடித்ததும் பின்னாலிருந்து அழகர் எழுந்தான். உங்களுக்கு ஞாபகமிருக்கும், நகரசபையில் முப்பத்தெட்டு வருஷம் தெருக் கூட்டியவன். இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். இப்போது சந்தைக்குப் பின்னால் லயத்து அறையொன்றில் இருக்கிறான்.

“மொதலாளி, எனக்கு ஓட்டு இல்லீங்க. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டு இன்னும் வரல. ஆனா முட்டிவலி இருக்குங்க. அந்த ஆஸ்பத்திரி எனக்கும் சேத்துத்தானுங்களா?”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, “உனக்கும் சேத்துத்தான் அழகர்” என்றேன். கைதட்டினார்கள். பிறகு என் ஆட்களில் ஒருவன், ஓட்டில்லாதவனுக்கு எதற்கு நேரம் கொடுத்தீர்கள் என்று என்னைக் கடிந்துகொண்டான். அரசியல் எப்படி இருக்கிறது பாருங்கள்.

நோன்பு தொடங்கப் போகிறது. பெருநாளைக்குக் கட்டாயம் வாருங்கள்.

ஜௌபர்


கொழும்பு
15.12.1969

ஜௌபருக்கு,

பெருநாளுக்கு வந்திருக்கக்கூடாது என்று ரயிலில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டதற்குக் காரணம் உனக்குத் தெரியும். பலீலாவுக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

உன் மேசையில் முத்திரை தேடித்தான் அந்த இழுப்பறையைத் திறந்தேன். கட்டட வரைபடம் மேலேயே கிடந்தது. மருந்துக்கூடம் இருக்கும் இடத்தில் ஆறு கடைகள். வீதி முனையிலுள்ள முதலாம் இலக்கக் கடையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். வட்டத்துக்குள் பலீலாவின் தம்பி பெயர். திகதி செப்டெம்பர். நீ எனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. பெருநாள் சாப்பாட்டின்போது உம்மாதான் கேட்டார். நான் உம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை என்பதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

“மகன், டிஸ்பென்சரி கீழதானே ஈக்கும்?”

நீ வட்டிலப்பத்தைக் கரண்டியால் வெட்டி வெட்டித் தின்றுகொண்டிருந்தாய். உம்மா இரண்டாம் தடவை கேட்டார்.

“என்னத்துக்கு மகன் ஒண்டும் பேசாம திங்கிற? வாயில என்ன, கொழுக்கட்டையா?”

“பெருநாளும் அதுவுமா அரசியல் என்னத்துக்கு உம்மா?” என்றாய்.

“அப்ப நானும் கொஞ்சம் யோசிக்கோணும்” என்று உம்மா எழுந்து கை கழுவப் போனார்.

அந்த ஒரு சொல்லை எழுதச் சொன்னவள் நான். கேள்வி என்னுடையது. கீழே இருந்தவை அறுபத்திரண்டு பேருடைய கையெழுத்துகளும் பெருவிரல் அடையாளங்களும். வழக்கமான வேட்பாளர் பேச்சு என்றால் அவர்கள் பாதிதான் நம்பியிருப்பார்கள். அரை நூற்றாண்டாகக் கேட்டுப் பழகிய காதுகள் அவை. நான் கொடுத்த வடிவத்தால்தான் முழுதாக நம்பினார்கள். இதை நினைக்கும்போது உன்மேல் வரும் அருவருப்பு என்மேலும் வருகிறது.

இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. எழுந்து நின்று உண்மையைச் சொல். தோற்றுப் போவாய். தோற்றவர்கள் யாரும் சாகவில்லை.

றஷீதா


பதுளை
21.12.1969

அன்புள்ள ராத்தாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நேற்று நான் நாலு வாக்கால் வென்றுவிட்டேன். நாலே நாலு. ஸரூக் ஹாஜியார் மறுபடி எண்ணச் சொன்னார், எண்ணினார்கள். அப்போதும் நாலுதான்.

உம்மா அங்கே வந்தாரா? காலையில் சுபஹு தொழுகைக்குப் பிறகு பார்த்தால் ஆளில்லை. பெட்டியும் இல்லை. அழகர் ரயிலடிக்குப் பெட்டி தூக்கிப் போனதைப் பேக்கரிக்காரன் பார்த்திருக்கிறான். அழகரைக் கேட்டால், “பெரியம்மா சொல்லக்கூடாதுன்னுட்டாங்க மொதலாளி” என்கிறான். மாலை போட வந்தவர்கள், உம்மாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றவேண்டும் என்று நிற்கிறார்கள். தலைவலி, படுத்திருக்கிறார் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நேற்று வாக்குச்சாவடியில் பெயர்ப் பட்டியலில் ஏதோ குழப்பமாம். எழுதுவினைஞர்கள் புதியவர்கள். உம்மாவின் பெயரைத் தவறாக வெட்டியிருப்பார்கள். அதற்குப் போய் வீட்டை விட்டுப் போவதா? இந்த மழையில், அந்தக் காலோடு?

வந்து சேர்ந்ததும் தந்தி அடியுங்கள்.

ஜௌபர்


கொழும்பு
24.12.1969

ஜௌபருக்கு,

உம்மா இங்கே இருக்கிறார். தந்தியில் அதைத்தான் சொன்னேன். மீதியை இதில் எழுதுகிறேன். உம்மா சொல்லச் சொல்லக் கேட்டு எழுதியதால், உனக்குத் தெரிந்ததும் தெரியாததும் கலந்திருக்கும்.

தேர்தலுக்கு முதல்நாள் உன் ஆட்கள் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய், காலை பத்து மணிக்குக் கார் வரும், பெயர்களைப் பதிந்துவைக்க வேண்டும் என்று வாக்காளர் அட்டைகளை வாங்கிப் போனார்கள். இருபத்து மூன்று வீடுகள். வேட்பாளர் காரில் ஆளேற்றுவது சட்டப்படி குற்றம் என்பது அந்தப் பாவங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். பத்து மணிக்கு எல்லோரும் பெருநாள் உடுப்பை மறுபடி உடுத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கார் வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. எதிர்வீட்டு ஸுபைதா மாமி நாலு மணிவரை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாராம். அவர்களுடைய அட்டைகள் மட்டும் காலையிலேயே போய் வாக்களித்துவிட்டு வந்துவிட்டன.

உம்மா யாருக்கும் அட்டை கொடுக்கவில்லை. குர்ஆன் உறைக்குள் வைத்திருந்தார். காலையில் பார்த்தபோது இல்லை. எங்கேயோ வைத்து மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தார். அட்டை இல்லாவிட்டாலும் பெயர் இருந்தால் போடலாம் என்பது உம்மாவுக்குத் தெரியும். மருந்துக்கூட வாசலில் நின்ற அழகரைக் கூப்பிட்டுக்கொண்டு, மழையில் அரை மைல் நடந்தார்.

பள்ளிக்கூடத்துக்கு எட்டும் முன்பே பொலிஸ்காரர் மறித்தார்.

“குடைய மடிக்கச் சொல்றாருங்க பெரியம்மா” என்றானாம் அழகர். “மொதலாளி சின்னமாம். விரிச்சுப் பிடிச்சா பிரசாரமாம்.”

“மழைக்குப் புடிக்கிய குடையும் பிரசாரமா?”

“அவரும் நனஞ்சுக்கிட்டுத்தான் நிக்கிறாரு பெரியம்மா, பாருங்க.”

உம்மா குடையை மடித்துவிட்டு நனைந்தபடி உள்ளே போனார். எழுதுவினைஞர் பெயரைப் பார்த்துவிட்டு, “உம்மு குல்தூம் காலையிலேயே போட்டுவிட்டார்” என்றார்.

“அப்ப நான் யாரு?” என்று உம்மா கேட்டார். இடது கைச் சுண்டுவிரலை அவருடைய மூக்குக்கு நேரே நீட்டி, “இந்தா வெரல். மை எங்க?” என்றார்.

உன் முகவர் எழுந்து நின்றவர் அப்படியே நின்றாராம். எட்டு மணிக்கு வெள்ளைத் துப்பட்டியால் முகம் மூடி வந்த வேட்பாளரின் தாய்க்கு நாற்காலி போட்டு ஸலாம் சொன்னவர் அவர்தான். ஸரூக் ஹாஜியாரின் முகவரும் எழுந்து ஸலாம் சொன்னாராம். நம் பெண்பிள்ளைகளின் முகத்திரையை விலக்கிப் பார்க்கச் சொல்ல எந்த ஆணுக்கும் வாய் வராது என்பதை நன்றாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்.

தலைமை அலுவலர் நல்ல மனிதர். இப்படி ஏற்பட்டால் கொடுப்பதற்கென்று வேறு நிறச் சீட்டு இருக்கிறது, அடையாளமிட்டுத் தந்தால் பெயரெழுதிப் பழுப்பு உறையில் ஒட்டி வைப்போம், ஆனால் அது எண்ணப்படாது, வழக்கு வந்தால் மட்டும் நீதிபதி திறப்பார் என்று விளக்கினார்.

“எண்ணாட்டிக் கெடக்கட்டும்” என்றாராம் உம்மா. “நான் போட வந்த. போட்டுட்டுத்தான் போவேன்.”

போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது, அதற்கு முன்தினம் மடித்து அலுமாரியில் வைத்த வெள்ளைத் துப்பட்டி பின்கொடியில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பண்டாரவளையில் வாக்குள்ள பலீலா, பதுளையை விட்டு அன்று எங்கும் போகாத பலீலா, சுண்டுவிரலில் மையோடு சோறு பரிமாறினாள். உம்மா அன்று சாப்பிடவில்லை.

எழுதுவினைஞர்கள் புதியவர்கள் என்று எழுதியிருக்கிறாய். வெட்கமாக இல்லையா?

றஷீதா


பதுளை
6.1.1970

ராத்தாவுக்கு,

ஆம், துப்பட்டி பலீலா உடுத்தியதுதான். அட்டையை எடுத்துக் கொடுத்தது நான். எழுதிவிட்டேன், திருப்தியா?

இனி நான் சொல்வதையும் கேளுங்கள். நீங்கள் பல்கலைக்கழகம் போன வருஷம் நான் எட்டாம் வகுப்பை விட்டுக் கடையில் உட்கார்ந்தேன். ஊரில் ஒரு முஸ்லிம் பெண்பிள்ளை பட்டம் படிப்பதா என்று வாப்பாவிடம் கேட்டவர்களுக்கெல்லாம் கடை வாசலில் நின்று பதில் சொன்னவனும் நான்தான். வாப்பா போன பிறகு இருபத்தோராண்டு உம்மாவைப் பார்த்தவன் நான். பார்த்தவள் பலீலா. உம்மாவின் காலைக் கழுவித் துடைப்பது அவள். நீங்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டுப் போவீர்கள்.

உம்மாவுக்குக் கால் புண். மழை. நான் அவர் பெற்ற பிள்ளை. எப்படியும் எனக்குத்தானே போட்டிருப்பார், யார் கையால் போட்டால் என்ன என்று நினைத்தேன். இல்லை, உங்களிடம் மறைத்து என்ன? பெருநாளன்று “யோசிக்கோணும்” என்றாரே, அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பெற்ற தாயே எனக்கு எதிராகப் போட்டார் என்று வெளியே தெரிந்தால் நான் எந்த முகத்தோடு கடை திறப்பேன்?

இப்போது ஸரூக் ஹாஜியார் வழக்குப் போட்டிருக்கிறார். அவருடைய ஆட்கள் இருபத்து மூன்று வீட்டுக்கும் போய்க் கேட்டிருக்கிறார்கள். யாரும் வாய் திறக்கவில்லை, என்மேலுள்ள மரியாதை அப்படி. உம்மாவின் உறை ஒன்றுதான் அவருக்குப் பிடி. உம்மா வந்து சாட்சி சொன்னால் பதவியும் போகும், பலீலா கூண்டில் நிற்கவும் வேண்டிவரும். நாலு பிள்ளைகளின் தாய்.

உம்மாவிடம் பேசுங்கள். உங்கள் காலில் விழுகிறேன். துப்பட்டியைத் துவைத்து, கஞ்சி போட்டு, பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

ஜௌபர்


கொழும்பு
13.1.1970

ஜௌபருக்கு,

கடையைப் பற்றி நீ எழுதினாய். அது உண்மை. பலீலா கால் கழுவியதும் உண்மை. ஆனால் அது ஒன்றும் நீங்கள் செய்ததற்கு ஈடாகாது.

இருபத்து மூன்று வீட்டிலும் வாய் திறக்காதது உன்மேலுள்ள மரியாதையால் என்று நம்புகிறாயா? மகனிடமும் மருமகளிடமும் ஒட்டிக்கொண்டு இருப்பவர்கள் அவர்கள். நீதிமன்றத்துக்குப் போய்விட்டு வந்து எந்த வீட்டில் சோறு தின்பது? அதுவும் உங்களுக்குத் தெரிந்துதான் அந்த வீடுகளைத் தேர்ந்தெடுத்தீர்கள்.

போன கிழமை ஸரூக் ஹாஜியாரின் வழக்கறிஞர் இங்கே வந்தார். உம்மாவின் கையைப் பிடித்து, “இது உங்கள் உரிமைப் போராட்டம்” என்றார். அவர் போனபின் உம்மா கையைக் கழுவினார். ஹாஜியாருக்கு முதியவர்களின் வாக்குப் போனது கவலையில்லை. தான் அதே வேலையைச் செய்ய முந்தாமல் போனதுதான் கவலை.

உன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அழவில்லை, திட்டவுமில்லை. கால் கட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார். அப்படியே எழுதுகிறேன்:

“டிஸ்பென்சரி கீழ ஈக்கட்டும். மேல ஏத்தினான் எண்டா நான் கோட்டுக்கு ஏறுவேன். கீழ வெச்சான் எண்டா எனக்கு ஒண்டும் ஞாபகமில்ல, வயசாகிட்டுது. அவனுக்கு எழுது மகள்.”

இதை எழுதும் என் கையைப் பார்க்கிறேன். குற்றத்தை மறைக்க ஒரு பேரம். அதை நல்ல தமிழில் எழுதி உறையில் போட்டு முத்திரை ஒட்டப் போகிறேன். உன் துண்டுப்பிரசுரத்தை எழுதமாட்டேன் என்று மூக்கைச் சுளித்தவள் நான்தான். உம்மாவிடம் இது சரியில்லை என்றேன்.

“சரி பிழைய நீ கொழும்புல வெச்சுப் படி. ஸுபைதா மாமி நூத்திப் பன்னண்டு படி ஏறுவாளா? அழகர் ஏறுவானா? அத மட்டும் சொல்லு” என்றார்.

முதல் கூட்டம் மாத முடிவில் என்று அறிகிறேன். தீர்மானத்தின் பிரதியைப் பார்க்காமல் உம்மா எந்தப் பதிலும் தரமாட்டார்.

றஷீதா


பதுளை
2.2.1970

ராத்தாவுக்கு,

பிரதி இத்துடன். முத்திரையும் கையொப்பமும் இருக்கின்றன. மருந்துக்கூடம் இருக்கும் இடத்திலேயே இருக்கும், கட்டடத்தைக் கடைகளாக்கும் யோசனை கைவிடப்படுகிறது. பிரேரித்தது நான். கடை போன கோபத்தில் மச்சான் வீட்டுக்கு வருவதில்லை. பலீலா என்னோடு பேசுவதில்லை.

ஸரூக் ஹாஜியாரின் வழக்கும் போய்விட்டது. சாட்சி இல்லாமல் நிற்காது என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டாராம். சந்தைக் கட்டடத் திருத்த வேலைக்கு இரும்புச் சாமான் அவருடைய கடையிலிருந்துதான் எடுப்பதாக நகரசபைத் தலைவர் சொல்லியிருக்கிறார். இப்போது வழியில் கண்டால் அவர்தான் முதலில் ஸலாம் சொல்கிறார்.

இதைக் கேளுங்கள். நேற்று மருந்துக்கூட வாசலில் வயதானவர்கள் கூடி எனக்கு மாலை போட்டார்கள். “ஆம் மொதலாளி சொன்னதச் செஞ்சிட்டாரு” என்று ஒரே சத்தம். ஸுபைதா மாமி தலையில் கைவைத்து துஆ கேட்டார். அவருடைய வாக்கைப் போட்டவள் யார் என்று எனக்குத் தெரியும். நான் குனிந்து நின்றேன். அழகர் மட்டும் மாலை பக்கம் வரவில்லை. போகும்போது, “பெரியம்மா எப்ப வர்றாங்க மொதலாளி? அவுங்ககிட்ட நன்றி சொல்லணும்” என்றான். அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். அந்த உறையை இனி யாரும் திறக்கப் போவதில்லை, எரித்துவிடுவார்கள். உம்மா அதில் யாருக்குப் போட்டார்? ஸரூக் ஹாஜியாருக்கா? விஜேகோனுக்கா? கேட்டு எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. தெரியாமல் இருக்க முடியவில்லை.

ஜௌபர்


கொழும்பு
9.2.1970

ஜௌபருக்கு,

தீர்மானத்தை உம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்தேன். ‘கைவிடப்படுகிறது’ என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, அது ஒத்திவைப்பதா, ஒரேயடியாக விடுவதா என்று கேட்டார். ஒரேயடியாக என்றேன். அப்படியென்றால் ரயில் ஏறலாம் என்றார்.

ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை பகல் ரயிலில் வருவார். அடுத்த செவ்வாய்க்குக் கீழே மருந்து கட்டப் போகவேண்டுமாம். கொழும்பில் கட்டியது சரியில்லையாம். ரயிலடிக்கு நீ போ. மாலையோடு யாரையும் கூட்டிப் போகாதே. அழகர் பெட்டி தூக்குவான்.

நீ பெற்ற மாலையைப் பற்றி எழுதியிருந்தாய். இந்தத் தேர்தலில் வயதானவர்களுக்குக் கொடுத்த வாக்குறுதிகளில் நிறைவேறியது ஒன்றுதான். அது எப்படி நிறைவேறியது என்பது ஐந்தாறு பேருக்குத் தெரியும். மாலை போட்டவர்கள் அவர்களில் இல்லை. அவர்கள் அடுத்த முறையும் ஒரு ‘ஆம்’ கேட்டு வாங்கி, அதை நம்பி வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தாளை அப்படி அச்சடிக்கச் சொன்னவளாக நான் இருப்பேன்.

இனி நீ கேட்டது. நானும் இதுவரை கேட்டதில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. உன் கடிதம் வந்தபின் கேட்டேன். உம்மா பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“குடைக்குத்தான். வேற யாருக்குப் போட? பெத்த மகன்.”

“அவன் பதில் சொல்லாமல் வட்டிலப்பம் தின்றதைப் பார்த்த பிறகுமா?”

“பார்த்த பொறகுதான். யோசிச்ச. ஒரு கெழம நான் யோசிச்ச. ஹாஜியார் கள்ளன், அந்த மாத்தயா சோம்பேறி, இவன் பொய்யன். பொய்யனுக்காச்சும் ஊட்டுல ஏசலாமே எண்டு நெனச்ச. வந்து பார்த்தா துப்பட்டி ஈரமா ஈக்கி.”

இப்போது தேர்தல் வைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “அத என்னத்துக்கு இப்ப கேக்கிற? வரட்டும், யோசிக்கிறேன்” என்று சுளகைத் தட்டினார்.

நீ களவெடுத்தது உனக்கே வரவிருந்த வாக்கு, ஜௌபர்.

கஞ்சி போட்டு அனுப்பிய துப்பட்டியை உம்மா உடுக்கவில்லை. நாலு விரல் அகலத்துக்குக் கிழித்துச் சுருட்டி வைத்துக்கொண்டு, புண்ணுக்குக் கட்டுகிறார். வெள்ளிக்கிழமை ரயிலிலிருந்து இறங்கும்போது காலில் அந்தக் கட்டுத்தான் இருக்கும். கை கொடுத்து இறக்கும்போது பார்த்துக்கொள்.

றஷீதா